கோபுரப் படத்தில் சிவப்புத் திட்டு: இடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் பழைய தோட்டக் கோயிலின் கோபுரத்தில் பூச்சு உதிர்கிறது. குத்தகையாளர் (கட்டட ஒப்பந்தக்காரர்) வெப்பக் கேமராவில் படம் எடுத்து, பாதிக்கு மேல் சிவப்பாக இருப்பதால் முழுவதும் இடித்துக் கட்ட வேண்டும் என்கிறார். நம்பலாமா? – திருப்பணிக் குழு உறுப்பினர்

பதில்: அந்த ஒரு படத்தை நம்பி ஒரு சுதைச் சிற்பத்தைக்கூட உடைக்காதீர்கள். படம் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

வெப்பக் கேமரா சுவருக்குள் ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் சூட்டை மட்டுமே காட்டும்; சிவப்பு என்றால் அங்கே சூடு அதிகம். பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றிருந்தால் நடுவில் காற்று நிற்கும். சூடு உள்ளே இறங்காது. எனவே வெயில் ஏறும்போது அந்த இடம் முந்திச் சுடும், பொழுது சாய்ந்தபின் முந்திக் குளிரும்.

நம் கோபுரங்களில் வண்ணம்தான் பெரிய சிக்கல். கருநீல மேனி மஞ்சள் பட்டாடையைவிட அதிக வெயிலை வாங்கிக்கொள்ளும். பகல் படத்தில் நல்ல சுதையும் சிவந்து தெரியும். ஆனால் அது இருட்டிய பிறகும் சற்றுச் சூடாகவே இருக்கும். பகலில் சுட்டு, இரவில் சுற்றியிருப்பதைவிடக் குளிரும் இடத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஆகவே இரண்டு படங்கள் கேளுங்கள்: கிழக்கு முகத்துக்குக் காலை வெயிலில் ஒன்று, அந்தி கழிந்து ஒன்று. மழை பெய்திருந்தால் சுவர் காயும்வரை பொறுங்கள். ஈரம் ஆவியாகும் இடமும் குளிர்ச்சியாகத் தெரியும். பளபளக்கும் கலசத்தின் அளவை ஒதுக்கிவிடுங்கள், அது வானத்தைப் பிரதிபலிக்கிறது.

சந்தேகப்பட்ட இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். பொக்கென்று ஒலித்தால் பூச்சு கழன்றிருக்கிறது.

பூச்சு போனாலும் கோபுரம் நிற்கும்; கான்கிரீட் தூணும் உத்தரமும் போனால் நிற்காது. அவற்றுக்குத்தான் மீயொலிச் சோதனை (காதுக்குக் கேட்காத உயர் ஒலியால் சோதிப்பது). ஒரு பக்கம் அனுப்பிய ஒலி மறுபக்கம் வந்துசேரும் நேரத்தை அளப்பார்கள். நல்ல கான்கிரீட்டில் அது பொதுவாக நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்; 3-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். உள்ளே வெடிப்பு இருந்தால் ஒலி சுற்றிவந்து தாமதமாகும். வெடிப்பில் தண்ணீர் நின்றாலோ, கம்பி வழியே ஒலி பாய்ந்தாலோ அளவு பொய்யாக உயரும். செங்கல் சுவருக்கு இந்தச் சோதனை பெரிதாக உதவாது. கம்பியின் துருவை வெப்பப் படம், மீயொலி இரண்டுமே நேரடியாகக் காட்டா. அதற்குச் சந்தேகமான ஓரிடத்தில் திறந்து பார்ப்பது உறுதியான வழி.

குத்தகை எடுக்காத ஒரு கட்டடப் பொறியாளரிடம் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். அதுவரை கோபுரத்தின் கீழே கயிறு கட்டி, பக்தர்களைப் பக்க வாசல் வழியாக விடுங்கள்.