இன்றைக்கு எத்தனை பேருக்குத் தொற்று? அந்த எண்ணைப் பற்றிய உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கொரோனா எண்ணிக்கையைப் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், எதிர்பார்த்ததைவிட நிறையவே வந்துவிட்டது. என்னைப் பற்றி ஒரு வரி: பெருந்தொற்றுக் காலத்தில் முதல் சில மாதங்கள் பாசிட்டிவ் வந்தவர்களுக்கு போன் செய்து யாரையெல்லாம் சந்தித்தீர்கள் என்று விசாரிக்கும் குழுவில் இருந்தேன், அப்புறம் தினசரி எண்ணிக்கையைத் தொகுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் என்று அழைத்துச் சிலர் எழுதியிருக்கிறீர்கள், நான் டாக்டர் இல்லை. அதனால் மருந்து, சிகிச்சை பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை, மன்னிக்கவும்.

கேள்வி: மேடம், எங்கள் பகுதியில் ஒரு நாள் 40 என்றார்கள், மறுநாள் 12, அதற்கடுத்த நாள் 75. எதைத்தான் நம்புவது?

மூன்றையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். அந்த 75 பேருக்கும் அன்றைக்குத்தான் தொற்று வந்தது என்று அர்த்தமில்லை, அன்றைக்கு அவர்களுடைய முடிவு பட்டியலில் ஏறியது, அவ்வளவுதான். விடுமுறை நாளில் ஆய்வகத்தில் ஆள் குறைவு, மாதிரிகள் தேங்கும், மறுநாளோ அதற்கு மறுநாளோ மொத்தமாக வந்து விழும். கடைசி 7 நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்துவிட்டால் இந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் எந்த 7 நாளை எடுத்தாலும் அதில் ஒரு வாரக் கடைசி கட்டாயம் இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வைரஸ் உடலுக்குள் போய் அறிகுறி தெரிய முதல் வகை வைரஸில் சராசரியாக 5 நாள் ஆனது, ஒமிக்ரானில் சுமார் 3 நாள். அதற்கப்புறம் அந்த ஆள் யோசித்து, பரிசோதனைக்குப் போய், முடிவு வந்து, அது பட்டியலில் ஏற வேண்டும். ஆக அன்றன்று நீங்கள் பார்த்த எண் ஒரு வாரம், பத்து நாள் பழைய கதை. ஊரடங்கு போட்ட மறுநாளே எண் குறையவில்லை என்று கோபப்பட்டவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

கேள்வி: பக்கத்துப் பகுதியில் 100 பேர், எங்களிடம் 50 பேர்தான். நாங்கள் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாமா அக்கா?

எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. அங்கே 4,000 பேரைச் சோதித்து 100 பேருக்குப் பாசிட்டிவ் என்றால் நூற்றுக்கு இரண்டரை. உங்களிடம் 500 பேரைச் சோதித்து 50 என்றால் நூற்றுக்குப் பத்து. எண்ணில் பாதி, ஆனால் நிலைமை உங்களிடம்தான் மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் நன்றாக முடியாமல் போனவர்களை மட்டுமே சோதிக்கிறார்கள், மற்றவர்கள் கண்ணில் படவே இல்லை. பரவல் கட்டுக்குள் இருக்கிறது என்று சொல்ல, பாசிட்டிவ் விகிதம் தொடர்ந்து இரண்டு வாரமாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்தில் ஓர் அளவுகோல் கொடுத்தது. மக்கள்தொகையையும் பாருங்கள், லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால்தான் இரண்டு இடத்தை ஒப்பிட முடியும்.

கண்ணில் படாதவர்கள் எவ்வளவு பேர் இருக்க முடியும் என்பதற்கு இத்தாலியில் வோ என்ற சிறு ஊர் நல்ல உதாரணம். சுமார் 3,300 பேர் வாழும் இடம். 2020 பிப்ரவரியில் அங்கே ஒரு மரணம் நடந்ததும் ஊரையே மூடிவிட்டு, அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் பெரும்பாலானவர்களைச் சோதித்தார்கள். 2.6 சதவீதம் பேருக்குத் தொற்று. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோது 1.2 சதவீதம். பாசிட்டிவ் வந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள்! காய்ச்சல் வந்தவர்களை மட்டும் சோதித்திருந்தால் அவர்கள் யாரும் எந்தப் பட்டியலிலும் வந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஒரே நாளில் எண்ணிக்கை பல ஆயிரம் எகிறியதைப் பார்த்திருக்கிறோம். அப்படியென்றால் அதுவரை மறைத்தார்கள் என்றுதானே அர்த்தம்?

மறைக்கவே மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் கொடுக்கமாட்டேன். ஆனால் எகிறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, முதலில் அதைத் தேடுங்கள். 2020 பிப்ரவரி 12 அன்றைக்குச் சீனாவின் ஹூபே மாகாணத்தில் 14,840 புதிய நோயாளிகள் என்று அறிவித்தார்கள். அதில் 13,332 பேர் ஆய்வகப் பரிசோதனை இல்லாமல், ஸ்கேன், அறிகுறி ஆகியவற்றை வைத்து மருத்துவர்கள் உறுதி செய்தவர்கள். அதுவரை அவர்களை எண்ணவில்லை, அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். நோய் ஒரே இரவில் அவ்வளவு பரவிவிடவில்லை, யாரை நோயாளி என்று எண்ணுவது என்ற வரையறைதான் மாறியது.

இங்கிலாந்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் எங்களைப் போன்றவர்கள் எந்த இடத்திலும் செய்யக்கூடிய தவறு அது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாசிட்டிவ் முடிவுகள் தினசரி எண்ணிக்கையில் ஏறவே இல்லை. பழைய வகை எக்செல் கோப்பில் சுமார் 65,000 வரிசைதான் கொள்ளும், அதற்கு மேல் வந்தது அப்படியே விழுந்துவிட்டது. பாசிட்டிவ் வந்தவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்கள் யாரோடு இருந்தார்கள் என்று விசாரிக்கும் குழுவுக்கு அந்தப் பெயர்கள் போகவில்லை, அந்த நாட்களில் அவர்களோடு பழகியவர்கள் ஒன்றும் தெரியாமல் வேலைக்கும் கடைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யாருக்குப் பாசிட்டிவ் என்று பெயர், வீட்டு எண்ணோடு நான்தான் போட்டு வந்தேன். எல்லாரும் உஷாராக இருக்கட்டும் என்றுதான். அது தப்பா?

தப்பு. நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள் என்பதை நம்புகிறேன், ஆனாலும் தப்பு. உங்கள் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் அடுத்த ஆள் பரிசோதனைக்கே போகமாட்டார். அவர் போகாவிட்டால் எண் குறையும், குறைந்ததைப் பார்த்து நீங்கள் எல்லாரும் தைரியமாக வெளியே வருவீர்கள், உள்ளே நோய் பரவிக்கொண்டிருக்கும். ஒரு பகுதியின் எண்ணிக்கையில் வைரஸ் மட்டும் இல்லை, அங்கே இருப்பவர்கள் நோயாளியை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் சேர்ந்தேதான் பதிவாகிறது.

தென்கொரியாவில் ஆரம்பத்தில் நோயாளியின் வயது, பாலினம், எத்தனை மணிக்கு எந்தக் கடைக்குப் போனார் என்பது வரை வெளியிட்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஆள் யார் என்று கண்டுபிடித்து இணையத்தில் கிழித்தார்கள். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் கவலை தெரிவித்த பிறகு விவரங்களைக் குறைத்துக்கொண்டார்கள். அப்புறம் 2020 மே மாதத்தில் சியோல் நகரின் இதேவோன் பகுதி இரவு விடுதிகளில் ஒரு பரவல். அவற்றில் சில, தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்கள் என்று ஊடகங்கள் எழுத, அங்கே போனவர்கள் பயந்து ஒளிந்துகொண்டார்கள். மாநகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? பெயர் வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் போதும், வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்றது. சோதிக்க வருவோர் எண்ணிக்கை சட்டென்று ஏறியது.

என் அனுபவம் ஒன்று. ஒரு பெரியவருக்கு போன் செய்தேன், யாரையும் பார்க்கவில்லை, எங்கேயும் போகவில்லை என்று மூன்று நாள் அதையே சொன்னார். நான்காவது நாள் அவராகவே அழைத்து, ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்ததாகவும் அங்கே முப்பது பேர் இருந்ததாகவும் சொன்னார். ஏன் ஐயா முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அந்த வீட்டுக்காரர்களைத்தான் எல்லாரும் திட்டுவார்கள், ஏற்கெனவே துக்கத்தில் இருக்கிறார்கள் அம்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மூன்று நாளை நினைத்துத்தான் இன்னமும் வருத்தம்.

அதனால், "நம் கட்டடத்தில் 3 வீடுகளில் தொற்று இருக்கிறது, லிஃப்டில் முகக்கவசம் போடுங்கள், அவர்களுக்குச் சாமான் வாங்கித் தர முன்வருபவர்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று போடுங்கள். உஷார்ப்படுத்த அது போதும்.

கேள்வி: ஒருவர் சராசரியாக 2 அல்லது 3 பேருக்குப் பரப்புவார் என்றார்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்து மற்ற யாருக்கும் வரவில்லையே?

சராசரி என்றாலே இப்படித்தான். பலர் ஒருவருக்கும் பரப்புவதில்லை, சிலர் கூட்டத்துக்கே பரப்பிவிடுகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற பகுதியில் 2020 மார்ச் 10 அன்று 61 பேர் சேர்ந்து இரண்டரை மணி நேரம் பாடிப் பயிற்சி செய்தார்கள். அறிகுறி இருந்தவர் ஒரே ஒருவர். 53 பேர் நோயுற்றார்கள், 2 பேர் இறந்தார்கள். மூடிய அறை, பாட்டு, நீண்ட நேரம். ஜப்பானியர்கள் காற்றோட்டமில்லாத இடம், கூட்டம், நெருக்கமான பேச்சு ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொன்னது இந்த மாதிரிச் சூழலை நினைத்துத்தான். அவர்கள் நோயாளியிடம் இனி யாருக்குப் பரவும் என்று கேட்டதோடு நிற்காமல், உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கியும் விசாரித்தார்கள். ஒரு கூட்டத்தைக் கண்டுபிடித்தால் ஒரே நேரத்தில் பத்திருபது பேர் கிடைப்பார்கள் அல்லவா.

கேள்வி: மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள் என்று ஒரு செய்தி படித்தேன். அப்புறம் ஊசி எதற்கு?

கணக்காகவே சொல்கிறேன். 1,000 பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் 15 பேர், அதில் 9 பேர் போட்டவர்கள், 6 பேர் போடாதவர்கள். செய்தியில் "60 சதவீதம் பேர் ஊசி போட்டவர்கள்" என்று வரும், பொய் இல்லை. ஆனால் போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர், போடாதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர். எல்லாருமே போட்டுவிட்ட இடத்தில் சேர்பவர்கள் நூறு சதவீதமும் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

கேள்வி: எத்தனை பேருக்குத் தொற்று வந்தால் பள்ளியை மூட வேண்டும் என்று ஓர் எண் சொல்லுங்களேன். (ஆசிரியை)

அப்படி ஓர் எண்ணை நான் சொன்னால் ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம். ஏறுமுகமா இறங்குமுகமா, மருத்துவமனைப் படுக்கை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, வகுப்பறையில் ஜன்னல் திறக்குமா, இதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவன் அக்கா. பழைய தரவை வைத்து வரைபடம் செய்கிறேன். என்ன கவனிக்கணும்?

சந்தோஷம் தம்பி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லாரன் கார்ட்னரும் அவருடைய மாணவர் என்ஷெங் டாங்கும் 2020 ஜனவரி 22 அன்று ஒரு வரைபடத்தை வெளியிட்டார்கள், 2023 மார்ச் 10 வரை உலகமே அதைப் பார்த்தது. ஆக மாணவன்தானே என்று நினைக்காதே. மாதிரி எடுத்த தேதியா, அறிவித்த தேதியா என்று வரைபடத்திலேயே எழுது. கடைசி சில நாட்களை மங்கலாகக் காட்டு, மாதிரி எடுத்த தேதிப்படி போட்டால் அவை எப்போதும் குறைவாகத்தான் தெரியும், முடிவுகள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. வரையறை மாறிய நாளில் ஒரு கோடு போட்டுக் காரணத்தை எழுது. 2022க்குப் பிறகான எண்ணை 2020ஓடு ஒப்பிடாதே, வீட்டிலேயே சோதித்துக்கொண்டவர்கள் பலர் எங்கும் பதிவாகவில்லை.

கேள்வி: இப்போது தினசரி எண் வருவதே இல்லையே, மறுபடி பரவினால் எப்படித் தெரியும்?

கழிவுநீரில் தெரியும். தொற்றியவரின் மலத்தில் வைரஸின் மரபுப் பொருள் வெளியேறும், அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் வரும், அதற்கு யாரும் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை, யார் பெயரும் தெரியாது. நெதர்லாந்தின் அமர்ஸ்ஃபோர்ட் நகரில் முதல் நோயாளிகள் அறிவிக்கப்படுவதற்கு 6 நாள் முன்பே சாக்கடை நீரில் கண்டுபிடித்தார்கள். எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்லாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும். கூடவே மருத்துவமனையில் புதிதாகச் சேர்பவர்கள் எண்ணிக்கையையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசர நிலை முடிந்தது என்றுதான் சொன்னது, வைரஸ் போய்விட்டது என்று சொல்லவில்லை.

கேள்வி: என் அப்பா இரண்டாம் அலையில் வீட்டிலேயே மூச்சுத் திணறி இறந்தார். பரிசோதனை செய்ய நேரமே கிடைக்கவில்லை. அவர் எந்த எண்ணிக்கையிலாவது இருக்கிறாரா?

இதைப் படித்துவிட்டு வெகு நேரம் எதுவும் எழுத முடியவில்லை. உங்கள் இழப்புக்கு என் அனுதாபங்கள்.

அன்றன்று அறிவித்த கொரோனா உயிரிழப்பில் அவர் இருந்திருக்க மாட்டார், பெரும்பாலும் பாசிட்டிவ் முடிவு இருந்தால்தான் அதில் சேர்த்தார்கள். ஆனால் கூடுதல் இறப்பு என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. வழக்கமான ஆண்டுகளில் எத்தனை பேர் இறப்பார்கள், அந்த ஆண்டில் எத்தனை பேர் இறந்தார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். காரணம் என்ன எழுதியிருந்தாலும் அதில் சேரும். 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் உலகம் முழுக்கக் கொரோனா இறப்பு என்று அறிவித்தது சுமார் 54 லட்சம், உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட கூடுதல் இறப்பு சுமார் 1 கோடியே 49 லட்சம். இந்தப் பெரிய எண்ணுக்குள் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு இறப்புப் பதிவேட்டை வைத்துத்தான் போடப்படுகிறது, பதிவேடு சரியாக இல்லாத இடங்களில் மதிப்பீடு செய்துகொள்கிறார்கள். அப்பாவின் இறப்பைப் பதிவு செய்துவிட்டீர்களா? அந்தக் குழப்பத்தில் விட்டுப்போயிருந்தால் தாமதமாகவும் பதிவு செய்ய வழி இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.