நடக்கச் சொல்வதற்கு ஒரு பிஎச்.டி.யா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பிசியோதெரபியில் முதுகலை முடித்துவிட்டாள், இனி வேலைக்குப் போவாள் என்று இருந்திருக்கிறீர்கள். அவளோ உடலியக்கத்தை ஊக்குவிப்பதில் 'சிஸ்டம்ஸ் அப்ரோச்' (தனி ஆளை மட்டும் பார்க்காமல், அவரைச் சுற்றி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் காரணங்களைச் சேர்த்துப் பார்ப்பது) என்று ஒரு தலைப்பைச் சொல்லி, பிஎச்.டி. சேரப் போகிறேன் என்கிறாள். "நடங்க, ஓடுங்கன்னு சொல்றதுக்கு நாலு வருஷப் படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. சொன்னதும் எல்லாரும் நடந்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது. லண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு என்று மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் குழுவினர் 1953-லேயே காட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் 2022-ல் உலகில் வயது வந்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 180 கோடிப் பேருக்கு, போதிய உடலியக்கம் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போதிய என்றால் மலையேற்றம் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை போதும். அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் வேறெங்கோ இருக்கிறது.

அந்த வேறெங்கோவைத்தான் உங்கள் மகள் தேடப் போகிறாள். காலை நேரத்துப் பள்ளி வாசலை நினைத்துப் பாருங்கள். ரோட்டில் வண்டி அதிகம், பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். அதனால் காரில் கொண்டுபோய் விடுகிறோம். அந்தக் காரும் சேர்ந்து வாசலில் நெரிசல் கூடுகிறது. அதைப் பார்த்து, நேற்றுவரை நடத்தி அனுப்பியவரும் இன்று வண்டியை எடுக்கிறார். யாரும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் நடக்கிற பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். இந்தச் சுழலுக்குள் நின்றுகொண்டு "நடத்தி அனுப்புங்கள்" என்று துண்டறிக்கை கொடுத்து என்ன பயன்? சுழலை எங்கே அறுப்பது என்று பார்க்க வேண்டும். பள்ளி தொடங்கும் அரை மணி நேரம் அந்தத் தெருவுக்குள் வண்டிகளை விடாமல் தடுக்கலாம். சரி, அப்போது நெரிசல் அடுத்த தெருவுக்குப் போகுமா? அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எது எதை மாற்றுகிறது என்று இந்தச் சுழலைப் படமாக வரைவதுதான் முதல் வேலை. அந்தப் படத்தை ஆய்வாளர் தன் அறையில் உட்கார்ந்து வரைவதில்லை. பெற்றோர், தலைமையாசிரியர், போக்குவரத்து அதிகாரி எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார, பெரிய தாளில் அம்புக்குறிகளாக அது வளரும். ஒருவர் போட்ட அம்பை இன்னொருவர் அழிக்கச் சொல்வார். அந்த வாக்குவாதம்தான் ஆய்வின் உயிர். உங்கள் மகளுக்கு அதை உட்கார்ந்து கேட்கும் பொறுமை இருக்கிறதா என்று நீங்களே சொல்லிவிடலாம், என்னைவிட நன்றாக.

அப்புறம் கணினிப் பக்கம். 1950-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் தொழிற்சாலைச் சிக்கல்களுக்காக உருவாக்கிய சிஸ்டம் டைனமிக்ஸ் முறை (இப்படிப்பட்ட சுழல்கள் காலப்போக்கில் எப்படிப் போகும் என்று கணினியில் கணக்கிடுவது) இன்று பொதுச் சுகாதாரத்திலும் பயன்படுகிறது. தனிமனிதர்களின் நடத்தையைக் கணினியில் ஓட்டிப் பார்க்க நெட்லோகோ போன்ற இலவச மென்பொருள் உண்டு. பிசியோதெரபி படித்தவர்களுக்கு இது புதிது, ஆனால் கற்றுக்கொள்ளக்கூடியதுதான்.

என் கவலை வேறு. படத்தோடு நின்றுவிடும் ஆய்வேடுகள் இந்தத் துறையில் நிறைய. ஐம்பது பெட்டி, நூறு அம்பு, பார்க்க அழகாக இருக்கும். அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டால் பதில் இருக்காது. ஊரே மாறுவதை மூன்று நான்கு ஆண்டில் அளக்க முடியாது என்பதும் உண்மை. அதனால் சின்னதாக எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நகரம் வேண்டாம். நாலு பள்ளி போதும். படத்தில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஏதாவது மாறும்போது கூடவே இருந்து பதிவு செய்ய வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவருக்கு இரண்டாம் ஆண்டில் ஒத்துழைத்த அதிகாரி மாற்றலாகிப் போனார். வாய்ப்பேச்சில் கிடைத்த அனுமதியும் அவரோடு போயிற்று. அனுமதியை முதலிலேயே எழுத்தில் வாங்க வேண்டும்.

கைடைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் கேட்க வேண்டியது: இந்தக் கணினி மாடலிங்கை யார் சொல்லித் தருவார்கள், உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு, அவரிடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு அவர் மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

வேலை? இந்தப் பெயரில் விளம்பரம் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. பொதுச் சுகாதாரத் திட்ட மதிப்பீடு, போக்குவரத்துத் திட்டமிடல், நகரமைப்பு, பல்கலைக்கழக ஆய்வுப் பணி என்று தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018–2030 செயல்திட்டமே இந்த அணுகுமுறையின் மேல்தான் நிற்கிறது. உடலியக்கக் குறைவை 2030-க்குள் 15 சதவீதம் குறைப்பது அதன் இலக்கு. அதை நடத்திக் காட்ட ஆட்கள் வேண்டும். ஆனால் ஆய்வேடு மட்டும் கையில் இருந்தால் போதாது. கூட்டம் நடத்தத் தெரியும், தரவைக் கையாளத் தெரியும் என்று காட்ட வேண்டும்.

மகளிடம் ஒரு வேலை கொடுங்கள். தன் தலைப்பை ஒரே பக்கத்தில், உங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த முறை இருவரும் வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள், அங்கிருந்து பேசலாம்.