விருந்தாளிக்கும் டிக்கெட் எடுத்த அணிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெர்த் நகரில் பல வருடங்களாக வசிக்கிறேன். இங்கே கால்பந்து என்றால் ஆஸ்திரேலியன் ரூல்ஸ்தான். ரக்பி லீக் கிழக்குக் கரைக்காரர்களின் சங்கதி. 2027 முதல் ‘பெர்த் பியர்ஸ்’ என்ற அணி என்.ஆர்.எல். என்ற தேசிய ரக்பி லீக் போட்டியில் ஆடப்போகிறது என்கிறார்கள். பெயரோ சிட்னியின் பழைய கிளப் ஒன்றுடையது. தொண்ணூறுகளில் இதே நகரத்தில் ஓர் அணி வந்து மூன்றே சீசனில் காணாமல் போனதாக அலுவலக நண்பர் சொன்னார். ஐ.பி.எல்.லில் ஒரே ஏலத்தில் எட்டு ஊர்களுக்கு எட்டு அணிகள் பிறந்தன. மக்களும் உடனே கொடி பிடித்தார்கள். ரக்பி லீக்கால் மட்டும் ஏன் அப்படிப் பரவ முடியவில்லை? ரசிகர் இல்லாத ஊரில் அணி வைப்பதுதான் காரணமா?

— வாசகர், பெர்த்

அன்புள்ள நண்பருக்கு,

ரசிகர் இல்லாதது காரணம் என்று நான் நினைக்கவில்லை. புதிய அணியை எந்த நிபந்தனையின் பேரில் உள்ளே விட்டார்கள் என்று பார்க்க வேண்டும். உங்கள் ஊர்க் கதையே இதற்குச் சாட்சி.

ஐ.பி.எல். ஒப்பீட்டை முதலில் ஒதுக்கிவிடலாம். 2008இல் அணிகள் ஏலம் போனபோது கிரிக்கெட் ஏற்கெனவே நாடெங்கும் வேரோடியிருந்தது. எட்டு அணிகளும் ஒரே நாளில் பிறந்தவை. அங்கே மூத்தவர் என்று எவரும் இல்லை. ரக்பி லீக் வேறு வயிற்றில் பிறந்தது. 1895இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில், வடக்குப் பகுதி கிளப்புகள் கூடி ரக்பி யூனியனிலிருந்து பிரிந்தன. ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விடும் தொழிலாளிக்கு அந்த நாள் கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை. 1908இல் சிட்னியில் லீக் தொடங்கியபோதும் அணிகள் பெரும்பாலும் பேட்டைகளின் பெயரிலேயே இருந்தன: கிளீப், நியூடவுன், பால்மெயின், சவுத் சிட்னி, நார்த் சிட்னி. ஒரே நகரத்துக்குள் இத்தனை கிளப்புகள். பிறகு வெளியூருக்கு இடம் வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், யார் எழுந்து இடம் விடுவது என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. எழ மறுத்தவர்களிடம்தான் நிபந்தனை எழுதும் பேனாவும் இருந்தது.

உங்கள் நண்பர் சொன்ன அணி வெஸ்டர்ன் ரெட்ஸ். 1995இல் ஆக்லாந்து, டவுன்ஸ்வில், பிரிஸ்பேன் அணிகளோடு சேர்ந்து உள்ளே வந்தது. லீக் 20 அணிகளாக வீங்கிய வருடம் அது. முதல் ஆட்டத்தில் வாக்கா கிரிக்கெட் மைதானத்தில் செயின்ட் ஜார்ஜை வென்றார்கள், கூட்டமும் நன்றாகவே வந்தது. ஆனால் சேரும்போது கையெழுத்திட்ட நிபந்தனை ஒன்று உண்டு. பெர்த்துக்கு ஆட வரும் எதிரணிகளின் விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் ரெட்ஸே ஏற்க வேண்டும்! சிட்னியிலிருந்து பெர்த்துக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் ஒரு முழு அணியையும் பயிற்சியாளர்களையும் அழைத்துவந்து, ஹோட்டலில் வைத்து, சோறு போட்டு, திருப்பி அனுப்புவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசலில் டிக்கெட் விற்ற பணம் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

அதே வேளையில் ஊடக முதலாளிகளான மர்டாக்கின் நியூஸ் நிறுவனத்துக்கும் பாக்கர் தரப்புக்கும் தொலைக்காட்சி உரிமைக்காகப் போர் மூண்டது. 1997இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு லீக்குகள் தனித்தனியாக நடந்தன. வீரர்களின் சம்பளம் கண்மண் தெரியாமல் ஏறியது. வருட முடிவில் இரு தரப்பும் சமாதானமானபோது, அந்தச் சமாதானத்தின் விலையாக மூடப்பட்டவற்றில் பெர்த் அணியும் ஒன்று.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. 1998இல் மெல்போர்ன் ஸ்டார்ம் தொடங்கப்பட்டது. மெல்போர்னும் உங்கள் ஊரைப் போலவே ஆஸ்திரேலியன் ரூல்ஸின் கோட்டை. சொல்லப்போனால் அந்த ஆட்டம் பிறந்த வீடு. மூடப்பட்ட பெர்த் அணியிலிருந்து ராபி கேர்ன்ஸ், மாட் கேயர் போன்றவர்கள் அங்கே போனார்கள். இரண்டாவது சீசனிலேயே, 1999இல், கோப்பையை வென்றார்கள். பெர்த்தில் கிடைக்காத ரசிகன் மெல்போர்னில் காத்திருந்தான் என்றா சொல்வீர்கள்? ஸ்டார்மின் உரிமையாளர் அப்போது நியூஸ் நிறுவனம், என்.ஆர்.எல்.லிலும் அதே நிறுவனம்தான் பாதிப் பங்காளி. நஷ்டத்தை 2013 வரை அதுவே தாங்கியது. சம்பள உச்சவரம்பை மீறிய குற்றத்துக்காக 2010இல் இரண்டு பட்டங்கள் பறிபோன பிறகும் அணி நிலைத்து நின்றது. வீட்டுக்காரரே குடிவந்தால் வாடகைக்காக யாரும் கதவைத் தட்டமாட்டார்கள்.

பியர்ஸ் விவகாரத்துக்கு வருகிறேன். நார்த் சிட்னி பியர்ஸ் 1908இன் தொடக்க கிளப்புகளில் ஒன்று. 1921, 1922 ஆகிய இரண்டு வருடங்கள்தான் கோப்பை. அதற்குப் பிறகு காத்திருப்பே அதன் தொழில். சமாதானத்தின்போது 2000ஆம் ஆண்டுக்குள் அணிகளை 14ஆகக் குறைப்பது என்று முடிவாகியிருந்தது. பியர்ஸ் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டது: சிட்னியை விட்டு வடக்கே காஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்வது. விரிவாக்கம் வேண்டும் என்று கூவியவர்கள் கேட்டதும் அதைத்தானே. ஆனால் அங்கே கட்டிக்கொண்டிருந்த மைதானம் மழையால் தாமதமானது. கிளப் நடுவழியில் நின்றது, கடன் ஏறியது. கடைசியில் ஜன்மப் பகையாளியான மேன்லியோடு சேர்த்து ‘நார்தர்ன் ஈகிள்ஸ்’ என்று ஒட்டுப்போட்டார்கள். 2002க்குப் பிறகு அந்த ஒட்டு பிரிந்தபோது மேன்லி மட்டும் பிழைத்தது. எனவே அது வெறும் பழைய பெயர் அல்ல. ஊர் மாறத் தயாராக இருந்து, மாற விடப்படாத கிளப்பின் பெயர். கால் நூற்றாண்டு கழித்து, நினைத்ததைவிட வெகுதூரத்துக்கு மாறுகிறது.

சவுத் சிட்னிக்காரர்களோ எழவே மறுத்தார்கள். 20 பட்டங்கள் வென்ற கிளப்பை 1999 முடிவில் வெளியேற்றினார்கள். அதன் தலைவர் ஜார்ஜ் பிக்கின்ஸ் வழக்குப் போட்டார். 2000 நவம்பரில் சிவப்பும் பச்சையும் அணிந்து சிட்னித் தெருக்களில் சுமார் 80,000 பேர் ஊர்வலம் போனார்கள். சராசரி ஆட்டத்துக்கு அதில் ஒரு சிறு பங்குதான் வந்தது என்று நிர்வாகம் முணுமுணுத்திருக்கும், அதுவும் உண்மைதான். 2001இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு கிளப்புக்குச் சாதகமாக வந்து, 2002இல் திரும்பியது. 2014இல் 43 வருடங்களுக்குப் பிறகு கோப்பையும் எடுத்தது.

இங்கிலாந்து லீக்கிலும் இதே நாடகம்தான். டொராண்டோ வுல்ஃப்பேக் 2017இல் மூன்றாம் பிரிவில் சேர்ந்தது. கனடாவுக்கு வரும் எதிரணிகளின் விமானச் செலவை அதுவே ஏற்றது. ஆமாம், பெர்த்தின் அதே பத்திரம்! அங்கேயும் ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. 2020இல் முதல் பிரிவான சூப்பர் லீக்குக்கு ஏறியபோது, மற்ற கிளப்புகளுக்குக் கிடைத்த தொலைக்காட்சிப் பங்கு அதற்குக் கிடையாது. கொரோனா வந்தது, முதலாளியின் பணம் நின்றது, ஜூலையில் அணி விலகியது. சூப்பர் லீக் அணியாக அது தன் சொந்த ஊரில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

அதன் பக்கத்தில் தென் பிரான்ஸில் உள்ள பெர்ப்பினியாவின் கத்தலான் டிராகன்ஸை வைத்துப் பாருங்கள். 2006இல் சூப்பர் லீக்கில் சேர்ந்தபோது மூன்று வருடங்களுக்குக் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவதில்லை என்று உறுதி கொடுத்தார்கள். முதல் வருடம் கடைசி இடம். கீழே இறங்கியதோ அதற்கு மேலே இருந்த காசில்ஃபோர்ட். அந்த ஊர்க்காரர்கள் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் மறு வருடமே டிராகன்ஸ் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்துக்கு வெம்பிளி போனது. 2018இல் அந்தக் கோப்பையை வென்ற முதல் பிரெஞ்சு அணியானது. தென் பிரான்ஸில் இந்த ஆட்டத்துக்குப் பழைய வேர் உண்டு. அது உதவியது, மறுக்கவில்லை. இருந்தாலும், அந்த மூன்று வருடப் பாதுகாப்பு இல்லாதிருந்தால் முதல் வருடத்தோடு கதை முடிந்திருக்கும்.

இப்போது பெர்த்தைப் பாருங்கள். இம்முறை அணிக்கு உரிமையாளர் என்.ஆர்.எல். அமைப்பே. மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசும் பல வருடங்களுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது. ரெட்ஸுக்குக் கிடைத்த பத்திரம் அல்ல இது, மெல்போர்னுக்குக் கிடைத்தது. முதல் சில வருடங்கள் தோற்றாலும் யாரும் பூட்டுப் போட வரமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2028இல் பாப்புவா நியூ கினியின் அணி வருகிறது. ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாடு அது. போர்ட் மோர்ஸ்பியின் ஹன்டர்ஸ் அணி 2014 முதல் குயின்ஸ்லாந்தின் இரண்டாம் நிலைப் போட்டியில் ஆடி, 2017இல் பட்டமும் வென்றிருக்கிறது. ரசிகர் பஞ்சமே இல்லாத ஊர். பணம் கொடுப்பதோ ஆஸ்திரேலிய அரசு: பத்து வருடங்களில் 600 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர். பசிபிக் வட்டாரத்தில் சீனாவின் செல்வாக்கைப் பற்றிய கவலைதான் அந்தத் தாராளத்தின் பின்னணி என்பதை எவரும் பெரிதாக மறைக்கவில்லை. அதில் ஒரு பங்கு உரிமக் கட்டணமாகப் பழைய கிளப்புகளுக்குப் போகிறது. முன்பு புதியவன் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். இப்போது அவன் சார்பில் ஓர் அரசாங்கமே மொய் எழுதுகிறது. பத்து வருடம் முடியும்போது கான்பெராவில் யார் ஆட்சியில் இருப்பார்கள், அப்போது எந்தக் கவலை பெரிதாக இருக்கும் என்பதைப் பொறுத்து அந்த அணியின் வரவுசெலவு அமையும். உங்கள் ஊர் அணியைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. போர்ட் மோர்ஸ்பியைப் பற்றி இருக்கிறது.