கண் சிவந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே சொட்டு மருந்தா?

கேள்வி: என் மகளுக்குக் காலையில் எழும்போது இமைகள் ஒட்டிக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் பீளை தள்ளியிருக்கிறது. முன்பு எனக்குக் கண் சிவந்தபோது மருத்துவர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மீதம் உள்ளது. அதையே விடலாமா?

பதில்: விடாதீர்கள். கெட்டியான மஞ்சள் அல்லது பச்சை நிறப் பீளை பாக்டீரியா தொற்றாக இருக்கலாம் என்பதற்கு அறிகுறிதான். குழந்தைகளிடம் பெரும்பாலும் ஹீமோபிலஸ், நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களே இதற்குக் காரணமாகின்றன. ஆனால், பீளையை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அடினோ வைரஸால் வரும் கண் நோயில் பெரும்பாலும் நீர்தான் வடியும். அதற்கு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஆன்டிபயாடிக் பயன் தராது. அரிப்பே முதன்மையாக இருந்தால் ஒவ்வாமையை நினைக்க வேண்டும்.

உங்களிடம் மீதமுள்ள புட்டியைப் பற்றி எனக்கு இரண்டு கவலைகள். திறந்து ஏறக்குறைய 4 வாரங்கள் ஆன சொட்டு மருந்தில் கிருமி சேர்ந்திருக்கக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆன்டிபயாடிக்குடன் ஸ்டீராய்டு கலந்த மருந்துகள் பல இருப்பது. ஸ்டீராய்டு சிவப்பை விரைவில் குறைத்து நோய் குணமாவதுபோல் காட்டும். உள்ளே ஹெர்பிஸ் வைரஸோ பூஞ்சையோ இருந்தால், அதே வேளையில் கருவிழியை (கண்ணின் முன்புறம் உள்ள தெளிவான படலத்தை) அரித்துச் செல்ல அவற்றுக்கு வழியும் விடும். மருத்துவர் சொல்லாமல் யாரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே கூடாது என்று அழுத்திச் சொல்வேன்.

சாதாரண பாக்டீரியா தொற்று, மருந்தில்லாமலே ஒன்றிரண்டு வாரங்களில் சரியாகிவிடுவதும் உண்டு. குளோராம்பெனிகால், டோப்ராமைசின், மாக்ஸிபுளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துகளை மருத்துவர் கொடுத்தால், நோயின் நாட்கள் குறையும். அதுவரை கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் இமைகளைத் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சை மறு கண்ணில் வைக்காதீர்கள். துண்டும் தலையணை உறையும் மகளுக்குத் தனியாக இருக்கட்டும். பிறந்து 28 நாட்களுக்கு உட்பட்ட சிசுவுக்குக் கண்ணில் சீழ் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கோனோகாக்கஸ் கிருமி, மிக விரைவில் கருவிழியைத் துளைத்துப் பார்வையைப் பறித்துவிடக் கூடியது.

கேள்வி: காண்டாக்ட் லென்ஸ் அணியும் என் தம்பிக்குக் கருவிழியில் புண் என்கிறார்கள். இரவிலும் மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட வேண்டுமாம். தூங்குபவனை எழுப்பத்தான் வேண்டுமா? மாத்திரை போதாதா?

பதில்: அவசியம் எழுப்புங்கள். தெளிவாக இருப்பதற்காகவே கருவிழிக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே விழுங்கும் மாத்திரை அங்கே போதிய அளவு சென்று சேராது. சொட்டு மருந்தையோ கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறது. எனவே திரும்பத் திரும்ப விட்டால்தான் கிருமியைக் கொல்லும் அளவில் மருந்து புண்ணில் தங்கும். லென்ஸ் அணிபவர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா, ஓரிரு நாட்களிலேயே கருவிழியைக் கரைத்து ஓட்டையாக்கும் வேகம் கொண்டது. அந்த முதல் இரண்டு இரவுகளில் நீங்கள் கண்விழிப்பது, அவர் வாழ்நாள் முழுவதும் காணப்போகும் பார்வைக்காகத்தான்.

புண்ணைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது அதில்தான் தெரியும். பூஞ்சையாகவோ அமீபாவாகவோ இருந்தால் சிகிச்சையே வேறு. பயன்படுத்திய லென்ஸையும் அதன் பெட்டியையும் மருத்துவரிடம் காட்டாமல் எறியாதீர்கள். புண் ஆறினாலும் தழும்பு நின்று பார்வையை மங்கச் செய்யலாம் என்பதால், மருத்துவர் குறைக்கச் சொல்லும்வரை ஒரு வேளையையும் தவற விட வேண்டாம்.

கேள்வி: இரண்டு சொட்டு மருந்துகளையும் ஒரு களிம்பையும் கொடுத்திருக்கிறார்கள். எதை முதலில் இடுவது?

பதில்: சொட்டு மருந்துகளுக்கு இடையே 5 நிமிடம் விட்டு, களிம்பைக் கடைசியில் இடுங்கள், முதலில் களிம்பிட்டால் சொட்டு உள்ளே இறங்காது. ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும், அதற்கு மேல் விட்டால் கன்னத்தில்தான் வழியும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள்முனையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொள்ளுங்கள். புட்டியின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது.