வெளிநாட்டு மாணவர்களோடு ஒரே குழுவில் சி.எஸ்.ஆர். புறொஜெக்ட்: கேள்வியும் பதிலும்

ஐந்தாறு நாட்டு மாணவர்கள், ஏழெட்டுக் கிழமை, ஒரு கம்பெனி தன் சமூகப் பொறுப்பை (சி.எஸ்.ஆர்.) எப்படிச் செய்கிறது என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை. முகம் பார்க்காமல் நெட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை. கிழக்கிலங்கையில் வந்தாறுமூலை, ஒலுவில் பக்கம் கம்பஸில் படிக்கிற பிள்ளைகள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கல்முனை: அஸ்ஸலாமு அலைக்கும் நானா. எங்கட குழுவில ஜெர்மனி, மெக்சிகோ சிட்டி, சோல் எல்லாம் இருக்கு. ஒரு நேரம் பிடிக்க ஏலாமக் கிடக்கு. நோன்பும் வருது.

வஅலைக்கும் ஸலாம். இலங்கையில் நமக்கு யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) +5:30, வருடம் முழுக்க மாறாது. ஜெர்மனி குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்னால், கோடையில் மூன்றரை. மெக்சிகோ சிட்டி பதினொன்றரை பின்னால். 2022இல் அங்கே கோடைநேர மாற்றத்தை நிறுத்திவிட்டார்கள், அதனால் இது நிலையானது. சோல் மூன்றரை முன்னால்.

கணக்குப் போட்டால் கல்முனையில் மாலை 6:30 என்பது ஜெர்மனியில் பகல் 2:00, மெக்சிகோவில் காலை 7:00, சோலில் இரவு 10:00. நாலு பேருக்கும் விழித்திருக்கக் கூடிய நேரம் அது ஒன்றுதான். ஒரு மணித்தியாலம் முன்னே போனால் மெக்சிகோக்காரர் தூங்குவார், இரண்டு மணித்தியாலம் பின்னே போனால் கொரியாக்காரருக்கு நடுச்சாமம்.

நோன்பு மாதத்தில் நம் பக்கம் மஃரிப் (நோன்பு திறக்கும் நேரம்) ஆறேகாலை ஒட்டி வருவதால் 6:30 சரிவராது. தராவீஹ் (நோன்பு மாத இரவுத் தொழுகை) முடிந்து 9:30க்கு வைத்தால் ஜெர்மனிக்கு மாலை 5:00, மெக்சிகோவுக்குக் காலை 10:00, சோலுக்கு இரவு 1:00. ஆகவே அந்த நாலு கிழமையும் சோல் உறுப்பினர் நேரடியாக வரத் தேவையில்லை. தன் பகுதியை முதல்நாளே எழுத்தில் போட்டுவிட்டு மறுநாள் பதிவைக் கேட்கட்டும். இதை முதல் கூட்டத்திலேயே காரணத்தோடு சொல்லுங்கள். அவர்களுக்கு நோன்பு என்றால் தெரியும், இஃப்தார் எத்தனை மணிக்கு என்று தெரியாது. சொல்லாமல் இரண்டு கூட்டம் தவறினால் 'ஆள் வரவில்லை' என்றுதான் பதிவாகும்.

இன்னொரு பொறி. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று கிழமையில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான கணக்கு ஒரு மணித்தியாலம் பிசகும். கலண்டர் அழைப்பைக் கொழும்பு நேரத்தில் போட்டு அனுப்பினால் அவரவர் போனில் அவரவர் நேரம் தானாக விழும். வாயால் சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம். கடைசித் தேதியும் அப்படித்தான்: 'ஞாயிறு 23:59, அமெரிக்கக் கிழக்கு நேரம்' என்றால் நமக்குத் திங்கள் காலை 10:29, கோடையில் 9:29.

செங்கலடி: அண்ணா, மாரி மழைக்குக் கரண்ட் போனா நெட்டும் போயிரும். மீட்டிங் நடுவில துண்டிச்சா மறுகா உள்ள போறதுக்குள்ள முடிஞ்சிரும்.

கரண்ட் போனவுடன் நெட் போவது பெரும்பாலும் றவுட்டருக்கு மின்சாரம் இல்லாததால்தான். றவுட்டருக்கென்று விற்கிற மினி யூ.பி.எஸ். வாங்கினால் இரண்டு மூன்று மணித்தியாலம் ஓடும். வாங்க முன் றவுட்டரின் அடாப்டரைத் திருப்பி அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை அம்பியர். வோல்ட் கூடினால் றவுட்டர் கருகிப் பழுதாகலாம், அம்பியர் குறைந்தால் அடிக்கடி அணைந்து அணைந்து வரும். ஃபைபர் பெட்டியும் றவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் கொடுக்க வேண்டும். நிறையப் பேர் ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு யூ.பி.எஸ். பழுது என்கிறார்கள். இடி மின்னல் நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு கம்பெனி சிம் ஒன்றின் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுங்கள்.

டேட்டாவும் கணக்கில் இருக்கட்டும். குழு வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 800 எம்.பி.யில் இருந்து 2 ஜி.பி.க்கு மேலும் தின்னும். குரல் மட்டும் என்றால் நூறு எம்.பி.கூட வராது. முதல் இரண்டு நிமிடம் முகத்தைக் காட்டி வணக்கம் சொல்லிவிட்டு கமராவை நிறுத்துங்கள்.

கூகுள் டொக்ஸில் ஓஃப்லைன் வசதியை நெட் இருக்கும்போதே குறோமில் போட்டு வைக்க வேண்டும். கரண்ட் போன பிறகு தேடினால் கிடைக்காது.

சம்மாந்துறை: நான் எங்கட ஊர் அரிசி ஆலையைப் பற்றிச் செய்வம் என்றேன். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளல்ல. அவங்க உலகப் பெரிய கம்பெனியைக் கேக்கிறாங்க.

இரண்டு பக்கமும் பிழை என்பேன். அரிசி ஆலையில் விஷயம் இருக்கிறது: நெல் ஊறவைத்து அவித்த தண்ணீர் எங்கே போகிறது, உமிச் சாம்பலை எங்கே கொட்டுகிறார்கள், தூசிக்குள் வேலை செய்பவருக்கு முகக்கவசம் உண்டா. ஆனால் ஆலை எதையும் அச்சிட்டு வெளியிடுவதில்லை. ஏழு கிழமையில் ஐந்து நாட்டில் இருந்து ஆராய ஆவணம் வேண்டும். உலகப் பெரிய கம்பெனி என்றால் முந்நூறு பக்க அறிக்கை வரும். எதை எடுப்பது என்று தீர்மானிப்பதிலேயே மூன்று கிழமை போய்விடும்.

கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியை எடுங்கள். ஆண்டறிக்கை ஆங்கிலத்தில், இலவசமாக, பல வருடத்துக்கும் கிடைக்கும். ஹேலிஸ், ஜோன் கீல்ஸ் போன்றவை ஜி.ஆர்.ஐ. என்ற சர்வதேச அறிக்கைத் தரத்தின்படி எழுதுகின்றன. அதில் ஒவ்வொரு விடயத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு, ஆகவே வெளிநாட்டு உறுப்பினரும் தமக்குப் பழகிய இலக்கத்தை வைத்துத் தேடலாம். ஆடைக் கம்பெனிகளான மாஸ், பிராண்டிக்ஸ் இரண்டும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வரும். அவை தனியார் கம்பெனிகள், பட்டியலிடப்பட்டவை அல்ல. பட்டியலிட்ட கம்பெனியைப் போல முழு நிதிக் கணக்கையும் எதிர்பார்க்காதீர்கள். கம்பெனியோடு தலைப்பையும் ஒன்றாகக் குறுக்குங்கள்: தண்ணீர், அல்லது தொழிற்சாலைக் காயங்கள், அல்லது பெண்களின் சம்பளம். உங்கள் ஆலை யோசனையை அறிக்கையின் கடைசிப் பகுதியில் 'அறிக்கை வெளியிடாத சிறு தொழில்' என்று ஒரு பக்கத்துக்குக் கொண்டுவரலாம்.

களுவாஞ்சிகுடி: எங்கட குழுவில இந்தியப் பிள்ளை ஒன்று, சி.எஸ்.ஆர். என்றால் இலாபத்தில இரண்டு வீதம் கொடுக்கிறது என்று நிக்குது. ஜெர்மன் பொடியன் அது நன்கொடை, சி.எஸ்.ஆரே இல்லை என்கிறான். யார் சரி?

இருவரும் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பேசுகிறார்கள், தங்கச்சி. இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்று வருடச் சராசரி நிகர இலாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் 2023இல் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம் வேறு கேள்வி கேட்டது: உனக்குப் பொருள் செய்து தருகிற தொழிற்சாலையில் ஆட்களை எப்படி நடத்துகிறார்கள்? ஒன்று இலாபத்தைச் செலவழிப்பதைப் பற்றியது, மற்றது இலாபம் எப்படி வந்தது என்பதைப் பற்றியது. இலங்கையில் இரண்டு வீதம் போல் கட்டாயம் எதுவும் இல்லை.

முதல் கிழமையிலேயே ஒரு வரைவிலக்கணத்தை எழுத்தில் பூட்டுங்கள். கரோல் என்ற பேராசிரியர் 1991இல் போட்ட பிரமிட் (பொருளாதாரம், சட்டம், ஒழுக்கம், கொடை) பாடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது, சண்டையைத் தீர்க்க அது போதும். ஆராய்வதற்கு ஐ.எஸ்.ஓ. 26000 என்ற சர்வதேச சமூகப் பொறுப்பு வழிகாட்டியின் ஏழு விடயங்கள் வசதி. ஒன்று கவனியுங்கள்: அது வழிகாட்டி மட்டும், அதற்குச் சான்றிதழ் கிடையாது. 'ஐ.எஸ்.ஓ. 26000 சான்று பெற்றோம்' என்று ஒரு கம்பெனி எழுதியிருந்தால் அந்த வரியையே உங்கள் கண்டுபிடிப்பாகப் போடலாம்.

ஏறாவூர்: அறிக்கை முழுக்க மரம் நட்ட படமும் சிரிக்கிற பிள்ளைகளும்தான். உள்ளே என்னத்தைப் பார்க்கிறது?

படங்களைத் தாண்டிப் பின்னால் போங்கள். ஜி.ஆர்.ஐ. உள்ளடக்க அட்டவணை கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதில் முதலில் பார்க்க வேண்டியது 'விடுபட்டவை' நிரல். எதைச் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அங்கே காரணம் போட வேண்டும். 'தகவல் இல்லை' என்று மூன்று வருடமாக ஒரே இடத்தில் இருந்தால் அது ஒரு செய்தி. பிறகு இந்த ஜி.ஆர்.ஐ. இலக்கங்களைத் தேடுங்கள்: 403-9 வேலைக் காயங்கள், 401-1 ஆட்கள் விட்டுப்போகும் வீதம், 405-2 ஆண் பெண் சம்பள விகிதம், 305 புகை வெளியேற்றம்.

வெளிக் கணக்காய்வாளர் உறுதி தந்திருந்தால் அந்தக் கடிதத்தையும் வாசியுங்கள். 'வரையறுக்கப்பட்ட உறுதி' என்பது 'நியாயமான உறுதி'யைவிட மெல்லியது, அதுவும் சில இலக்கங்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

அடுத்தது எல்லோரும் வழுக்கும் இடம். உதாரணத்துக்கு நானே போட்ட இலக்கம்: ஓர் ஆடைத் தொழிற்சாலை 2021இல் 12,000 தொன் காபன் வெளியேற்றி 40 இலட்சம் உடுப்புத் தைத்தது. 2023இல் 10,800 தொன், 30 இலட்சம் உடுப்பு. அறிக்கை '10 வீதம் குறைத்தோம்' என்று பெரிய எழுத்தில் போடும். உடுப்பு ஒன்றுக்குப் பிரித்துப் பாருங்கள்: 3 கிலோவாக இருந்தது 3.6 கிலோ ஆகியிருக்கிறது, அதாவது 20 வீதம் கூடியிருக்கிறது. ஓடர் குறைந்ததைச் சாதனையாக எழுதியிருக்கிறார்கள். மறுபக்கமும் நடக்கும்: உடுப்பு ஒன்றுக்கான அளவு குறைந்ததை மட்டும் சொல்லி, மொத்தம் கூடியதை மறைப்பார்கள். இரண்டையும் போடுங்கள்.

ஒரு தாளில் ஐந்து நிரல் போதும்: இலக்கம், அலகு, நிதியாண்டு, பக்கம், எந்தெந்தத் தொழிற்சாலைகள் கணக்கில் சேர்ந்தன. கடைசி நிரல்தான் முக்கியம். ஒரு தொழிற்சாலையை விற்றுவிட்டால் புகையும் தானாகக் குறையும். நிதியாண்டையும் மறவாதீர்கள். இங்கே பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச், ஐரோப்பாவில் பெரும்பாலும் ஜனவரி முதல் டிசம்பர்.

அம்பாறை, மத்தியமுகாம்: பக்கத்து வீட்டு அக்கா கார்மென்ட்ஸில் வேலை. அவவைப் பேட்டி எடுத்துப் போட்டால் எங்கட அறிக்கை மற்றக் குழுக்களைவிட நல்லா இருக்கும்தானே?

கம்பஸின் ஆய்வு ஒழுக்கக் குழு அனுமதி இல்லாமல் வேண்டாம். அந்த அனுமதி ஏழு கிழமைக்குள் கையில் வருவது அரிது. பெயரை எடுத்துவிட்டேன் என்று சொல்வது போதாது. 'மத்தியமுகாமில் இருந்து காலை பஸ்ஸில் போகும், தையல் பிரிவில் ஆறு வருடம் வேலை செய்த பெண்' என்று எழுதினால் சூப்பர்வைசருக்கு ஆள் யார் என்று உடனே தெரியும். வேலை போனால் புறொஜெக்ட் மார்க்ஸ் அதைத் திருப்பித் தராது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது.

வேறு வழி உண்டு. பெரிய ஆடை பிராண்டுகள் தங்களுக்குத் தைத்துத் தரும் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. ஓப்பன் சப்ளை ஹப் என்ற தளத்தில் தொழிற்சாலைப் பெயரைப் போட்டால் யார் யார் அதைத் தங்கள் பட்டியலில் காட்டியிருக்கிறார்கள் என்று வரும். அந்த பிராண்டின் நடத்தை விதியையும் உள்ளூர்க் கம்பெனியின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேலைநேரம், ஓவர்டைம் பற்றி ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்கிறதா? ஒருவரையும் சிக்கலில் மாட்டாமல் நல்ல பகுதி ஒன்று வரும்.

வாழைச்சேனை: ஒருத்தர் இரண்டு கிழமையாப் பதிலே இல்லை. முறைப்பாடு செய்தா மோசமா நினைப்பாங்களோ என்று பயம்.

பொறுத்துப் பொறுத்து ஆறாம் கிழமையில் சொன்னால்தான் மோசமாக நினைப்பார்கள். முதலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெயர் சொல்லி, வேலை எது, எந்தத் தேதி என்று எழுதுங்கள். 48 மணித்தியாலம். பிறகு மெயிலில் ஒரு தரம். அதற்கும் பதில் இல்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு நாலு வரி: என்ன கேட்டோம், எப்போது, என்ன வந்தது, வேலையை இப்போது யார் எடுக்கிறார். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். டொக்ஸில் மாற்ற வரலாறு இருப்பதால் யார் எத்தனை வரி எழுதினார் என்பது தானாகத் தெரியும். அதனாலேயே எல்லாவற்றையும் வேர்டில் எழுதிக் கடைசியில் ஒருவர் கணக்கில் ஒட்டுவதை விடுங்கள். ஒட்டினவர்தான் முழுவதையும் எழுதினவராகக் காட்டும்.

அக்கரைப்பற்று: அவங்கட இங்கிலீஸ் வேகம் பிடிபடுதில்ல. 'ஓம் ஓம்' என்று தலையாட்டிட்டு மறுகா என்ன சொன்னாங்க என்று தெரியாமப் போகுது.

தலையாட்டினால் வேலையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அர்த்தம், அது உங்கள் பெயரில் விழும். கூட்டத்துக்கு முன் நீங்கள் சொல்ல வேண்டியதை மூன்று வரியில் சாட்டில் போட்டு வையுங்கள். நடுவில் பிடிபடாவிட்டால் 'அதை எழுதிவிடுங்கள்' என்று கேளுங்கள். நெட் மந்தம் என்று எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது, வெட்கம் இல்லை. இன்னும் நல்லது, குறிப்பெடுக்கும் வேலையை நீங்களே கேட்டு எடுப்பது. முடிந்தவுடன் யார், என்ன, எப்போது என்று எழுதி அனுப்பிப் 'பிழை இருந்தால் 24 மணித்தியாலத்துக்குள் சொல்லுங்கள்' என்று போட்டால், நீங்கள் பிடித்துக்கொண்டது சரியா என்பதும் அதிலேயே சோதனையாகிவிடும். இரண்டு கிழமையில் குழுவே உங்களைக் கேட்டு நடக்கும்.

பொத்துவில்: சட்ஜிபிடியில் எழுதினா பிடிபடுமா?

பிடிபடுவதைவிடப் பெரிய சிக்கல், அது பக்க இலக்கத்தையும் மேற்கோளையும் கற்பனையாகத் தரும். ஏறாவூருக்குச் சொன்ன ஐந்து நிரல் தாளில் இல்லாத ஓர் இலக்கமும் அறிக்கைக்குள் வரக் கூடாது என்று குழுவில் விதி போடுங்கள். பாட ஒழுங்கு எதை அனுமதிக்கிறது என்று முதலில் வாசித்து, பாவித்தால் எங்கே பாவித்தோம் என்று எழுதுங்கள். கம்பெனி அறிக்கையின் வசனத்தை அப்படியே ஒட்டுவதும் டர்னிட்டினில் (பிரதி பிடிக்கும் மென்பொருள்) நிறம் காட்டும். அதிகம் மாட்டுவது அதில்தான்.

வந்தாறுமூலை: கடைசியில ஐந்து நிமிட வீடியோ ஒன்று கேட்டிருக்கினம். எங்கட பகுதியை அனுப்பவே இரவு முழுக்கப் போகுது.

1080 வேண்டாம், 720 போதும். போனின் கமரா செட்டிங்கில் மாற்றினால் கோப்பு நன்றாகச் சுருங்கும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் கெடும். டொக்கியூமென்ட்டாகவோ டிரைவிலோ போடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள், அந்த இரைச்சலைப் பிறகு எடுப்பது கஷ்டம். தொகுப்பவருக்குக் கடைசித் தேதிக்கு மூன்று நாள் முந்திப் போய்ச் சேர வேண்டும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பகுதி இலக்கமும் இருக்கட்டும். ஐந்து பேரும் 'ஃபைனல்' என்று பெயர் வைத்து அனுப்பினால் அவர் எதை எங்கே ஒட்டுவார்?