போராட்டத்தில் நிற்கும் மகளுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்குமா?

பதினோராம் வகுப்பு மகள் பள்ளியில் வாக்அவுட் (வகுப்பிலிருந்து வெளியேறும் போராட்டம்) நடத்துகிறாள். சனிக்கிழமை வந்தால் ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இதைப் பார்த்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அட்மிஷன் அதிகாரிகள் இவளை வம்புக்காரி என்று ஒதுக்கிவிடுவார்களா? இதையெல்லாம் விண்ணப்பத்தில் மறைத்துவிடலாமா? ஒதுக்கமாட்டார்கள், மறைக்கவும் வேண்டாம். ஆனால் அரசியலில் இருக்கும் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பெற்றோரின் கவலை அங்கே போகட்டும்.

முதல் இடம் மதிப்பெண். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், யேல் போன்றவை விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்கும் குறைவாகவே சேர்க்கின்றன. அங்கே முதலில் பார்ப்பது உங்கள் பள்ளியில் கிடைத்த கடினமான பாடங்களை எடுத்தாளா, அவற்றில் என்ன கிரேடு வாங்கினாள் என்பதுதான். ஒவ்வொரு கல்லூரியும் எதற்கு எவ்வளவு எடை தருகிறது என்பதை அதன் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையில் சி7 என்ற அட்டவணை காட்டும். கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பாடக் கடினம், ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி), கட்டுரை, பரிந்துரை, குணநலன், பள்ளிக்கு வெளியே செய்யும் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘மிக முக்கியம்’ முதல் ‘கருதுவதில்லை’ வரை குறி இருக்கும். விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் சி7 அட்டவணைகளை ஒரு மாலைப் பொழுதில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

நாடறிந்த பெயரும் இந்த வரிசையை மாற்றிவிடாது. 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச்சூட்டில் உயிர் தப்பி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் முகமாக மாறியவர் டேவிட் ஹாக். அவருக்கே அந்த ஆண்டு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சில வளாகங்கள் இடம் தரவில்லை. ஓராண்டு இடைவெளி விட்டு 2019-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். ஒரே மாணவரை இரண்டு இடங்கள் இரண்டு விதமாக எடைபோட்டன என்பதைத்தான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். போராடினால் ஹார்வர்ட் கிடைக்கும் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

அடுத்தது நாள்காட்டி. தேர்தல் வேலை உச்சத்துக்கு வருவது செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் முதல் வாரம் வரை. பல கல்லூரிகளுக்கு முன்கூட்டிய விண்ணப்பத்தின் கடைசி நாள் நவம்பர் 1. 2026-ல் இடைக்காலத் தேர்தலின் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்) வாக்குப்பதிவு நவம்பர் 3. அந்த இலையுதிர்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வாரத்தில் வந்து மோதும். அதே பருவத்தின் கிரேடுகள்தான் அரையாண்டு அறிக்கையாகக் கல்லூரிக்குப் போகின்றன. ஆகவே முதன்மைக் கட்டுரையை ஆகஸ்டுக்குள் முடித்துவிட வேண்டும். பிரச்சாரக் குழுவிடம் வாரத்துக்கு இத்தனை மணி நேரம்தான் என்று செப்டம்பரிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் தாங்கும். பதினைந்தைத் தாண்டினால் கால்குலஸ் கிரேடில் தெரியும்.

இனி, செய்ததை எழுதும் விதம். நல்ல வேலை செய்த பிள்ளைகள்கூட அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவமாக இருக்கும் காமன் ஆப்பில் பத்துச் செயல்பாடுகள் வரை எழுதலாம். பொறுப்புக்கு 50 எழுத்துகள், அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளியும் இந்தக் கணக்கில் சேரும். அவ்வளவுதான் இடம். ‘பருவநிலை மாற்றம் பற்றி மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்த ஆர்வத்துடன் உழைத்தேன்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விழிப்புணர்வு, ஆர்வம், குரல் கொடுத்தல் மூன்றையும் வெட்டுங்கள். ‘3 பள்ளிகளிலிருந்து 40 பேரைத் திரட்டினேன், பள்ளி வாரியத்தின் முன் 4 முறை பேசினேன், மின்பேருந்து ஆய்வுக்குழு அமைந்தது’ என்று எழுதினால் அவள் எந்தக் கட்சி என்ற கேள்வியே எழாது, ஒரு வேலையைக் கையில் எடுத்தால் கடைசி வரை கொண்டுபோகிறவள் என்று தெரியும். எத்தனை கதவுகள் தட்டினாள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாள், எவ்வளவு நிதி திரட்டினாள், எந்தத் தீர்மானத்தின் வரைவை எழுதினாள் என்பதை நடக்கும்போதே ஒரு நோட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எண்கள் வீங்கும்.

வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்ற கட்டங்களையும் கவனமாக நிரப்ப வேண்டும். ஐந்து ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) எடுத்த பிள்ளை பத்துச் செயல்பாடுகளுக்கும் சேர்த்து வாரம் அறுபது மணி நேரம் காட்டினால் படிப்பவர் மனசுக்குள் கூட்டிப் பார்ப்பார். ஆறு வாரப் பிரச்சாரத்தை ஆறு வாரம் என்றே போடுங்கள்.

வெற்றி பெறாத போராட்டத்தை எழுதலாமா என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். 2023-ல் கலிஃபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் எஸ்பி 403 மசோதா இரு அவைகளிலும் நிறைவேறிய பிறகு ஆளுநர் அதை வீட்டோ செய்தார். அப்படி ஒரு மசோதாவுக்காக சாட்சியம் தயாரித்து, உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு ஏறி இறங்கிய மாணவியின் உழைப்பு வீட்டோவால் குறைந்துவிடாது. சாதி, ஈழம், மொழி உரிமை பற்றியெல்லாம் எழுதும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: படிப்பவருக்கு அந்த வரலாறு தெரியாமல் இருக்கலாம். ஒரே வாக்கியத்தில் பின்னணி சொல்லிவிட்டு அவள் செய்த வேலைக்கு வந்துவிட வேண்டும்.

கட்டுரைக்கு வருவோம். காமன் ஆப்பின் முதன்மைக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள். அரசியல் பிள்ளைகள் எழுதும் முதல் வரைவில் முக்கால்வாசி பிரச்சினையைப் பற்றியும் கால்வாசி தன்னைப் பற்றியும் இருக்கும். இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. பிரச்சினையை விளக்கும் வரிகளையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு மீதியை வாசியுங்கள். உங்கள் மகளை அடையாளம் தெரிகிறதா? அதே இயக்கத்தில் இருக்கும் வேறு எந்தப் பிள்ளையும் எழுதியிருக்கக்கூடிய வரிகள்தான் மிஞ்சினால் திரும்ப எழுத வேண்டும். மேடைப் பேச்சை விட, பேச்சு முடிந்த பிறகு எதிர்த்து வாக்களித்த வாரிய உறுப்பினரிடம் போய் ஏன் என்று கேட்டது, அவர் சொன்ன செலவுக் கணக்கில் நியாயம் இருப்பதைப் பார்த்துக் கோரிக்கையை மாற்றி எழுதியது, அதற்காகத் தன் குழுவினரிடமே திட்டு வாங்கியது, இவைதான் கட்டுரைக்கு உயிர் தரும்.

எதிர்த்தரப்பை முட்டாள்கள் என்று எழுதும் வரி ஒன்று இருந்தாலும் அது மொத்தக் கட்டுரையையும் கெடுத்துவிடும். படிப்பவர் அந்தத் தரப்பைச் சேர்ந்தவராக இருப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை. இந்தப் பிள்ளையை ஒரு விடுதி அறையில் வேறு கருத்துள்ள இன்னொருவரோடு போட்டால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கிறார். பல கல்லூரிகள் இதை நேராகவே கேட்கத் தொடங்கிவிட்டன. ஒருவரோடு கடுமையாக முரண்பட்ட சந்தர்ப்பத்தை விவரி, அவரோடு எப்படிப் பேசினாய், என்ன கற்றாய் என்று ஹார்வர்டின் துணைக் கட்டுரைகளில் ஒரு கேள்வி வந்தது. பிரின்ஸ்டனும் மாறுபட்ட கருத்தோடு உரையாடுவது பற்றி 500 சொற்கள் கேட்டிருக்கிறது. இந்தக் கேள்விகளுக்கு அரசியல் பிள்ளைகளிடம் உண்மையான அனுபவம் இருக்கிறது, மற்றவர்கள் தேடித்தான் எழுத வேண்டும். ஆனால் ‘கடைசியில் அவர் என் பக்கம் வந்தார்’ என்று முடியும் பதில் கேள்வியைத் தவறவிட்ட பதில்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் படிவம் தனி. எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாமல் பதில் எழுத வேண்டும், செயல்பாடுகளும் பரிசுகளுமாக இருபது வரை காட்டலாம். எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணைச் சேர்க்கைக்குப் பார்ப்பதே இல்லை. அங்கே நேரடியாக, அலங்காரமில்லாமல் எழுதுவதுதான் எடுபடும்.

பரிந்துரைக் கடிதத்துக்குச் சட்டமன்ற உறுப்பினரையோ காங்கிரஸ் உறுப்பினரையோ பிடிக்க அலைவது வீண். ஒருமுறை கைகுலுக்கிப் படம் எடுத்தவர் எழுதும் கடிதத்தில் எழுத ஒன்றும் இருக்காது. பதினோராம் வகுப்பில் பாடம் எடுத்த இரண்டு ஆசிரியர்களை மே மாதமே கேட்டுவிடுங்கள். கூடுதல் பரிந்துரைக்கு இடம் தரும் கல்லூரிகளுக்கு, அவளுடைய வேலையைத் தினமும் பார்த்த பிரச்சாரக் களப் பொறுப்பாளர், வயது இருபத்திரண்டாக இருந்தாலும், பெரிய பதவியில் இருப்பவரைவிட நன்றாக எழுதுவார்.

இப்போது ஒழுங்கு நடவடிக்கை. அரசுப் பள்ளி மாணவர்களின் கருத்துரிமை பள்ளி வாசலோடு முடிவதில்லை என்று 1969-ல் டிங்கர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வகுப்பு நேரத்தில் அனுமதியின்றி வெளியேறினால் மற்ற எந்த ஆப்சென்ட்டுக்கும் தரும் தண்டனையைப் பள்ளி தரலாம். அரசியலுக்காக வெளியேறினாள் என்பதால் கூடுதலாகத் தரக்கூடாது, அவ்வளவே. தனியார் பள்ளிக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது, அங்கே பெரும்பாலும் சேரும்போது கையெழுத்திட்ட விதிகள்தான். கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் குடிமை நிகழ்வுக்காக ஆண்டுக்கு ஒரு நாள் அனுமதியுடன் விடுப்பு எடுக்கச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே தெரிவித்து அந்த நாளைப் பயன்படுத்தினால் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவில் ஒன்றும் ஏறாது. பலர் இந்த விடுப்பு இருப்பதே தெரியாமல் தண்டனை வாங்கிக்கொள்கிறார்கள்.

டிடென்ஷன் (பள்ளி நேரம் முடிந்தும் உட்காரவைக்கும் தண்டனை) கொடுத்தார்கள் என்றால் பெரும்பாலும் அதைக் கல்லூரி கேட்பதே இல்லை. சஸ்பென்ஷன் வேறு. காமன் ஆப் தன் பொதுப் பகுதியிலிருந்து ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வியை 2021-22 முதல் நீக்கிவிட்டது, ஆனால் தனித்தனிக் கல்லூரிகள் தங்கள் பகுதியில் கேட்கலாம். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். பள்ளி கவுன்சிலர் (மாணவர்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஆலோசகர்) இதைத் தெரிவிப்பாரா, பள்ளியின் கொள்கை என்ன என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாணவி ஒன்று சொல்லி கவுன்சிலர் வேறு சொன்னால் சஸ்பென்ஷனைவிடப் பெரிய சேதம். விளக்கம் நூறு சொற்களுக்குள் போதும்: என்ன நடந்தது, என்ன தண்டனை, பிறகு என்ன. பள்ளியைக் குற்றம் சாட்டும் வரி வேண்டாம். 2018-ல் பார்க்லேண்டுக்குப் பிந்தைய வாக்அவுட்களின்போது அமைதியான போராட்டத்துக்காகப் பெற்ற தண்டனை சேர்க்கையைப் பாதிக்காது என்று எம்ஐடி, யேல் உட்படப் பல கல்லூரிகள் வெளிப்படையாக அறிவித்தன. சண்டை, சொத்துச் சேதம், இன்னொரு மாணவரை மிரட்டியது என்று பதிவில் இருந்தால் அந்த ஆதரவு கிடைக்காது.

இணையத்தில் எழுதுவது அதைவிட நிரந்தரமானது. 2017-ல் ஒரு தனிப்பட்ட ஃபேஸ்புக் குழுவில் பகிர்ந்த இழிவான மீம்களுக்காகக் குறைந்தது பத்துப் பேரின் இடத்தை ஹார்வர்ட் திரும்பப் பெற்றது. 2019-ல், பதினாறு வயதில் எழுதிய இனவெறிச் சொற்களுக்காக இன்னொரு மாணவரின் இடம் பறிபோனது. கொள்கையை ஆதரித்து எழுதிய பதிவுகளை அழிக்கச் சொல்லாதீர்கள். ஒரு மனிதரையோ ஒரு கூட்டத்தையோ இழிவுபடுத்தும் வரிகள், மூடிய அரட்டைக் குழுவில் இருந்தாலும், வேறு கதை.

குடியுரிமை இல்லாத பிள்ளைகளுக்கான பகுதியை நிதானமாகப் படியுங்கள். எச்4 விசாவிலோ (எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) கிரீன் கார்டிலோ (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இருக்கும் பிள்ளை வாக்காளர் பதிவு முகாமில் மற்றவர்களுக்கு உதவும்போது, நண்பர்கள் நீட்டும் படிவத்தில் விளையாட்டாகக்கூடக் கையெழுத்திடக் கூடாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும் அலுவலகத்திலும் வாக்காளர் பதிவுக் கேள்வி வரும், அங்கே ‘இல்லை’ என்றே குறிக்க வேண்டும். குடிமகள் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால் பிற்காலத்தில் கிரீன் கார்டும் குடியுரிமையும் கிடைக்காமல் போகலாம், நாடு கடத்தலும் நேரலாம். குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாதவர்கள் தேர்தல் பிரச்சாரத்துக்கு நன்கொடை தரக் கூடாது, சம்பளமில்லாத தன்னார்வ வேலை செய்யலாம். 2025 ஜூன் முதல் எஃப், எம், ஜே (மாணவர், பரிமாற்றத் திட்ட) விசா கேட்பவர்கள் சமூக வலைதளக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை கேட்கிறது. 2025 டிசம்பர் முதல் எச்1பி, எச்4 விசா கேட்பவர்களிடமும் இதையே கேட்கிறது; இருபத்தோரு வயதில் எச்4 முடிந்து எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறப் போகும் பிள்ளைக்கும் இது வந்து சேரலாம். போராட்டத்தில் கைது என்று ஏதாவது நடந்தால், வழக்கு சிறியதானாலும், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இடம் கிடைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம். மே 1-க்குள் முன்பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரியின் மாணவர் நடத்தை விதிகளையும் போராட்ட விதிகளையும் திறந்து படியுங்கள். 2024 வசந்தகாலத்தில் காசா போரை எதிர்த்து நடந்த கூடாரப் போராட்டங்களுக்குப் பிறகு பல வளாகங்கள் இவற்றை இறுக்கியிருக்கின்றன: எங்கே கூடலாம், ஒலிபெருக்கி எந்த நேரம், கூடாரம் அடிக்கலாமா, முகமூடி அணியலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும். எஃப்1 விசாவில் படிக்கும் மாணவியைக் கல்லூரி சஸ்பெண்ட் செய்தால், முழுநேரப் படிப்பு நின்று விசா நிலையும் ஆட்டம் காணும். நான்கு கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தால் இந்த நான்கு விதிப் புத்தகங்களையும் மகளோடு உட்கார்ந்து படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.