23ஆம் தென்னை எங்கே நிற்கிறது?

கேள்வி: ஐயா, நான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாதுக்கையில் ஒன்றேகால் ஏக்கர் தென்னங்காணி, 78 மரம். ஞாயிறுதோறும் காலை பஸ்ஸில் போய்ப் பத்து மணிக்குக் காணியில் நிற்பேன். ஒவ்வொரு மரத்தின் அடியிலும் நின்று போன் காட்டிய ஜீ.பி.எஸ். எண்ணைக் கொப்பியில் எழுதி வைத்தேன். 23ஆம் மரத்தில், தண்டைத் துளைக்கும் செங்கூன் வண்டு. அதன் இடத்தை வேலையாளின் போனுக்கு அனுப்பினேன். அவர் பக்கத்து மரத்துக்கு மருந்து வைத்துவிட்டார். எல்லையைச் சுற்றி நடந்து பரப்பு அளந்தாலும் மூன்று ஞாயிறும் மூன்று கணக்கு: 191, 214, 222 பேர்ச்சஸ். காணி உறுதிப் பத்திரத்தில் இருப்பது 200 (ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்). பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்திவிட்டாரோ என்று சந்தேகம். புறக்கோட்டையில் ஒரு கடையில் சென்ரிமீற்றர் துல்லியம் என்று ஒரு கருவிக்கு இலட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ரீச்சர், கருவி இருக்கட்டும். முதலில் கொப்பியை எடுங்கள்.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுத்து அச்சுப் போல இருக்கிறது. ஆனால் எல்லா எண்களும் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த எண்கள் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் பாகையில் சொல்பவை. ஒரு பாகை என்பது நிலத்தில் ஏறக்குறைய 111 கிலோமீற்றர். அந்தக் கணக்கில் நான்காவது இலக்கம் ஒன்று கூடினால் 11 மீற்றர். உங்கள் தென்னைகள் 26 அடி இடைவெளியில், அதாவது 8 மீற்றருக்கு ஒன்றாக நிற்கின்றன. 11 மீற்றர் கட்டத்துக்குள் இரண்டு மரம் தாராளமாக அகப்படும். உங்கள் பட்டியலில் 23க்கும் 24க்கும் ஒரே எண்தான் இருக்கிறது, பாருங்கள். வேலையாள் மேல் பிழை இல்லை.

இனி ஆறு இலக்கம் எழுதுங்கள். ஆறாவது இலக்கம் 11 சென்ரிமீற்றர். அதற்காகப் போன் அவ்வளவு நுணுக்கமாக அளக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன்கடைத் தராசின் முள் ஆடிக்கொண்டிருக்கும்போது கிராம் பார்ப்பது மாதிரித்தான் அது. தலைக்கு மேல் வானம் வெளியாக இருந்தால் நல்ல போன் 5 மீற்றர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். மரங்கள் 8 மீற்றரில் நிற்கும்போது, பிழை 4 மீற்றருக்கு மேல் போனாலே போன் அடுத்த மரத்தைக் காட்டத் தொடங்கிவிடும். ஆக, ஆறு இலக்கம் எழுதினாலும் ஒற்றை மரத்தைப் போனால் அடையாளம் காண்பது சூதாட்டம்தான்.

ஏன் இந்த ஆட்டம் என்று கொஞ்சம் சொல்கிறேன், பிறகு செய்ய வேண்டியது சுலபமாக விளங்கும். ஜீ.பி.எஸ். செய்மதிகள் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு செக்கனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீற்றர் பிசகும். வழியில் சிக்னலைத் தாமதப்படுத்துவது பல. அதில் பெரியது மேல்வளியில் சூரியன் கிளப்பிவிடும் மின்னேற்றப் படலம். பூமியின் காந்த நடுக்கோடு நம் பக்கத்தால் போவதால், இந்தப் படலத்தின் தொல்லை நமக்குச் சற்று அதிகம். பிற்பகலில் அது தடிக்கும். பொழுது பட்ட பிறகு சில நாட்களில், முக்கியமாக மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், அதில் குமிழிகள் கிளம்பிச் சிக்னலை நடுங்க வைக்கும். காலை அளப்பதுதான் நல்லது.

மற்றது, சிக்னல் நேராக வராமல் எதிலாவது பட்டுத் திரும்பி வருவது. இதைப் பார்க்கப் பாதுக்கை வரை போக வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டு உயரமான அடுக்குமாடிகளுக்கு நடுவே நின்று போனைப் பார்த்தேன். நீலப் புள்ளி மெதுவாக நழுவி, ரயில் பாதையைத் தாண்டி, கடலுக்குள் இறங்கி நின்றது. நான் நின்றது ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில்! அதே போனைக் காலிமுகத்திடல் புல்லில் வைத்தால் இரண்டு மூன்று மீற்றருக்குள் அடங்கிக் கிடக்கிறது. சுவர் செய்யும் வேலையை உங்கள் காணியில் தென்னோலையும் கொட்டிலின் தகரக் கூரையும் செய்கின்றன. மழைக்கு ஓலை நனைந்திருந்தால் சிக்னல் இன்னும் மங்கும். மரத்தோடு ஒட்டி நின்று அளந்தீர்களே, அதைவிட மோசமான இடம் காணியில் இல்லை.

இங்கே எனக்கு ஒரு யோசனை. மரத்துக்கு ஜீ.பி.எஸ். வேண்டாம், மூலைக்குப் போதும். உங்கள் தென்னைகள் சதுர நடவு. வரிசையும் இடைவெளியும் ஏற்கெனவே மண்ணில் இருக்கின்றன. படலையிலிருந்து வரிசைகளை எண்ணி, மரத்தில் நெஞ்சு உயரத்தில் வெள்ளைப் பெயின்டால் 3-5 என்று எழுதுங்கள்: மூன்றாம் வரிசை, ஐந்தாம் மரம். பட்டுப்போன மரத்துக்குப் பக்கத்தில் புதிதாக வைத்த கன்று என்றால் 3-5அ. ஆணி அடித்துத் தகடு மாட்ட வேண்டாம், காயம் பட்ட இடத்தைத் தேடித்தான் செங்கூன் வண்டு முட்டையிட வரும். தேங்காய் பறிப்புக் கணக்கு, பசளைக் கணக்கு எல்லாவற்றையும் இந்த எண்ணில் எழுதுங்கள். எந்தச் செய்மதியும் இதைவிடத் துல்லியமாகச் சொல்லாது.

மூலைகளைப் போனால் குறிப்பதற்குச் சில வழக்கங்கள் இருக்கின்றன. பற்றரி சேமிப்பு முறையை நிறுத்திவிடுங்கள். போனை இடுப்போடு வைத்துப் பார்க்காமல் ஆறடித் தடி ஒன்றின் நுனியில் கட்டி உயர்த்துங்கள், நம் உடம்பே சிக்னலை மறைக்கும். திறந்ததும் வரும் முதல் எண்ணை எழுத வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு பத்து நிமிடத்துக்குச் சராசரி எடுங்கள். சராசரி எடுக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுத்த முறை போன் மாற்றும்போது எல்1, எல்5 என்ற இரண்டு ஜீ.பி.எஸ். அலைவரிசையையும் பெறுவதா என்று கேளுங்கள். 2018இலிருந்து அப்படிப்பட்ட போன்கள் சந்தையில் இருக்கின்றன. இரண்டு அலைவரிசையும் மேல்வளியில் வேறு வேறு அளவு தாமதிப்பதால், அந்த வித்தியாசத்தை வைத்தே தாமதத்தைக் கழித்துவிடலாம். எல்5 சிக்னல் பட்டுத் திரும்பும் எதிரொலியையும் நன்றாகப் பிரித்தறியும். தோட்டத்துக்குள் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஜீ.பி.எஸ். செய்மதி ஒன்று பூமியை ஒருமுறை சுற்ற 11 மணித்தியாலம் 58 நிமிடம் எடுக்கும். அதனால் இன்று பத்து மணிக்கு உங்கள் தலைக்கு மேல் எந்தச் செய்மதிகள் எந்தத் திசையில் நின்றனவோ, நாளைக்கு நான்கு நிமிடம் முந்தி அவையே அதே இடத்தில் நிற்கும். ஒரு வாரத்தில் 28 நிமிடம்தான் நகர்வு. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அளந்தால், அதே செய்மதி, அதே தகரக் கூரை, அதே எதிரொலி. மூன்று வாரமும் ஒரே எண் வந்தாலும் அது சரியான எண் என்று அர்த்தமில்லை. ஒரு ஞாயிறு பத்து மணிக்கு அளந்தால் இன்னொரு ஞாயிறு மூன்று மணிக்கு அளந்து சேர்த்துச் சராசரி எடுங்கள். பிற்பகலில் படலம் தடிக்கும் என்று சொன்னேன்தான், ஆனாலும் வேறு வானத்தைப் பார்ப்பது அந்த நட்டத்தை ஈடுசெய்யும்.

படலைத் தூணுக்குப் பக்கத்தில், வானம் தெரியும் இடமாகப் பார்த்து, சீமெந்தில் ஓர் ஆணியைப் பதித்துவிடுங்கள். காணிக்குள் நுழைந்ததும் அந்த ஆணியில் ஓர் அளவு, வெளியேறும்போது ஓர் அளவு. பல நாள் சராசரியிலிருந்து அன்றைய எண் ஆறேழு மீற்றர் விலகினால், அன்றைய அளவை எல்லாம் தள்ளிவிட்டுத் தேங்காயைப் பாருங்கள். கடையில் இலட்சக்கணக்கில் விற்கும் கருவியும் அடிப்படையில் இந்த ஆணிதான். அசையாத ஓரிடத்தில் ஒரு வாங்கி (சிக்னலைப் பெறும் கருவி), கையில் இன்னொன்று. பக்கத்தில் இருக்கும் இரண்டுக்கும் வானத்துப் பிழை ஏறக்குறைய ஒன்றே என்பதால் கழித்துவிடலாம். அதோடு அது 19 சென்ரிமீற்றர் நீளமுள்ள அலையையே எண்ணி அளக்கும். அதனால் ஓரிரு சென்ரிமீற்றர் துல்லியம் வரும். அசையாத வாங்கியை நாமே வைக்காமல், நில அளவைத் திணைக்களத்தின் நிரந்தர நிலையங்களிலிருந்து திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளும் முறையும் இருக்கிறது.

பொய்யில்லை, நல்ல கருவிதான். ஆனால் அலையை எண்ணும்போது சிக்னல் அறுந்தால் எண்ணிக்கை குழம்பிவிடும், ஓலைக்கு அடியில் அது நிமிடத்துக்கு ஒருமுறை அறும். விற்பவர் காலிமுகத்திடல் மாதிரி வெளியில் வைத்துக் காட்டுவார். உங்கள் தென்னைக்கு அடியில் காட்டச் சொல்லுங்கள்! வயலில் ட்ரோன் விடுபவருக்கும் நில அளவையாளருக்கும் அது வேலைக்காகும். 78 மரத்துக்கு அந்தக் காசில் பல வருடப் பசளை வாங்கலாம்.

இனி வேலி. ஒன்றேகால் ஏக்கர் சதுரக் காணி என்று வைத்தால் சுற்றளவு 284 மீற்றர். சுற்றிலும் ஒரு மீற்றர் வெளியே தள்ளி நடந்தால் 284 சதுர மீற்றர் கூடும், அது 11 பேர்ச்சஸ். வேலிக்கு உள்ளே நடந்தீர்களா, வெளியே கானோரம் நடந்தீர்களா என்பதிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். உங்கள் 191, 214, 222 எல்லாம் சுற்றிலும் இரண்டு மீற்றருக்குள் அடங்குகிற ஆட்டம், போனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதோடு, 222 சரியென்றால் வேலியை நகர்த்தியது நீங்கள் என்றாகிவிடும், ரீச்சர். அந்த எண்ணைப் பக்கத்துக்காரரிடம் காட்ட வேண்டாம். பரப்பு மட்டும் தெரிய வேண்டுமானால், நடந்து அளக்காமல் மூலைகளில் மட்டும் நின்று, ஒரே மூச்சில் அளந்து முடியுங்கள். எல்லாப் புள்ளியும் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்திருந்தால் பரப்பு மாறாது. எல்லைச் சந்தேகத்துக்கு அனுமதிப் பத்திரம் உள்ள நில அளவையாளர்தான், உறுதியோடு உள்ள பிளானை அவரிடம் கொடுங்கள். பழைய பிளானின் ஆள்கூறுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் எண்களை, போனில் அடித்துத் தேடிப் பார்க்க வேண்டாம். அவை பழைய இலங்கை அளவை முறையில் இருப்பவை. போன் பயன்படுத்துவது உலக முறை. அப்படியே போட்டால் நூறு மீற்றருக்கும் மேல் தள்ளிக் காட்டும்.

அப்புறம் அந்த 23ஆம் மரம். அடுத்த ஞாயிறு வரை விடாதீர்கள். வேலையாளை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு, படலையிலிருந்து வரிசையை எண்ணி நடக்கச் சொல்லுங்கள். தண்டில் துளை, துளையிலிருந்து வடியும் மண்ணிறச் சாறு, மென்று துப்பிய நார் இருக்கிறதா என்று பார்க்கட்டும். காதை மரத்தில் வைத்தால் உள்ளே புழு கொறிக்கும் சத்தம் கேட்கும். மருந்து வைத்த பக்கத்து மரத்தில் இவை இல்லையென்றால், அங்கே போட்ட துளையை அடைத்து, அதன் தேங்காயையும் இளநீரையும் இப்போதைக்குப் பறிக்காமல் விடுங்கள். எவ்வளவு நாள் விட வேண்டும் என்பது வைத்த மருந்தைப் பொறுத்தது. போத்தலின் லேபலைப் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.